தாலி மறைத்த இடம்

இன்று காலை கியூர்பிப் ஆஸ்பத்திரியில் என் நெஞ்சைப் படம் பிடித்தார்கள். பயப்படாதே, பெரிதாக ஒன்றுமில்லை. மழையோடு வந்த இருமல், மழை நின்ற பிறகும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. எதற்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர்.

படம் எடுக்கிற அறையில் இருந்த பெண் ரொம்பச் சின்னவள். மேலே போட்டுக்கொள்ள ஒரு நீலத் துணியைக் கொடுத்தாள். நான் தாலிச் சங்கிலியின் கொக்கியைத் தேடிக் கையைப் பின்னால் கொண்டுபோனேன். என் விரல்கள் இப்போது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டு, பாட்டி என்று முறை வைத்து, "கழற்ற வேண்டாம் கிராந்மேர், மேலே தூக்கிப் பல்லால் கடித்துக்கொள்ளுங்கள், போதும்" என்றாள்.

கடித்துக்கொண்டேன். தங்கம் நாக்கில் பட்டது. சில்லென்றிருந்த தகட்டில் நெஞ்சை ஒட்டி நின்றேன். "ரெஸ்பிரே ஃபோர்... ப்ளோக்கே" என்று மறைப்புக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். மூச்சை இழு, பிடி; அன்றைக்கு நம் இருவருக்கும் சொன்ன அதே சொற்கள்தான். இழுத்த மூச்சைப் பிடித்தபடி நின்ற அந்த நொடியில் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன். உன் மேல், அன்றைய டாக்டர் மேல், என் மேல், எல்லோர் மேலும். இவ்வளவுதானா? தூக்கிப் பல்லால் கடித்துக்கொண்டால் முடிந்துபோகிற காரியமா அது?

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். படத்தில் ஏதோ இருக்கிறது என்று நினைத்து என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றேன். பிறகு எதற்கு அழுகை என்றார். உன் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. எழுந்துபோய் சூடாகக் கத்தோ பிமா வாங்கிவந்து கையில் கொடுத்தார். வாழ்நாள் முழுக்க நர்ஸ் வேலை பார்த்த மனுஷருக்குத் தெரிந்த ஆறுதல் மிளகாய் வடைதான்.

நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. இதைத் தமிழில் எழுதுகிறேன் என்பதற்காகவே நீ சிரிப்பாய். நமக்குள் பேச்செல்லாம் கிரியோலில்தான். நடுநடுவே கொஞ்சம் தமிழ் வரும், அவ்வளவுதான். உனக்குத் தெரிந்த தமிழ், கோவில் பாட்டும் உறவுமுறைகளும் விரதத்துக்கு வேண்டிய சொற்களும். நான் கோவில் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவள் என்பதை வைத்து என்னை எவ்வளவு ஓட்டியிருக்கிறாய். "ஏ டீச்சர், சாமியைத் தவிர உன் தமிழ் யாருக்குப் புரியப் போகுது?" என்பாய். இப்போது நீயும் அந்தப் பக்கம்தானே இருக்கிறாய். புரியும், கேள்.

நம்மைச் சேர்த்துவைத்தவர்கள் நம் புருஷன்மார்தான். தீவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது, வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருஷங்கள். படித்த பையன்களுக்கு இங்கே வேலை இல்லை; கரும்புக்காட்டுக்குத் திரும்பிப்போக அவர்களுக்கு மனசும் இல்லை. இங்கிலாந்தில் மனநோய் ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கல்யாண மருதாணிச் சாயம் கையை விட்டுப் போகும் முன்னமே இரண்டு பேரும் ஒரே கப்பலில் ஏறினார்கள். அங்கே நர்ஸ் பயிற்சி, ஒரே அறை, ஒரே பானையில் சமையல். குடும்பத்தோடு தங்க இடம் கிடைக்கும் என்றானதும் ஒரே நாளில் இரண்டு கடிதம் போட்டார்கள். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. புறப்பட்டு வா என்று.

ஆனால் அப்படியெல்லாம் புறப்பட்டுவிட முடியுமா? புருஷனிடம் போய்ச் சேர வேண்டுமென்றால் நெஞ்சில் காசநோய் இல்லை என்று காட்ட வேண்டும். எக்ஸ்ரே எடுத்து, அது சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் மற்ற காகிதங்கள் நகரும். தனியாகப் போகப் பயமாக இருக்கும், இரண்டு பேரும் சேர்ந்து போங்கள் என்று அங்கிருந்தே ஏற்பாடு செய்தார்கள். அப்படித்தான் சேன் பியேரிலிருந்து வந்த நீயும் கியூர்பிப்காரி நானும் பஸ் நிலையத்தில் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டோம்.

நீ குடை இல்லாமல் வந்து இறங்கினாய். உங்கள் ஊரில் வெயில் அடித்ததாம். கியூர்பிப் தூறலில் நனைந்துகொண்டே, யார் நீ என்று கேட்பதற்கு முன்னால், "உங்க ஊர்ல சூரியன் வருமா, இல்ல அதுக்கும் பாஸ்போர்ட் வேணுமா?" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. என் ஊரை நான் திட்டலாம், நீ திட்டலாமா? ஆனால் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் என் குடைக்குள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். நெஞ்சு நோய் என்ற பேச்சை எடுத்தாலே கதவைச் சாத்திக்கொள்கிற காலம் அது. 'மாலாட் பொவாட்ரின்' என்று ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணை யாரும் கேட்டு வரமாட்டார்கள்.

கழுத்தில் காதில் இருப்பதையெல்லாம் கழற்றுங்கள் என்று உள்ளே இருந்த பருத்த பெண்மணி சத்தம் போட்டாள். எனக்கு அதில் கஷ்டமில்லை. என் மாமி காரியக்காரி. யாரோ சொல்லி அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. காலையிலேயே ஒரு துண்டு மஞ்சளைக் கோத்து மஞ்சள் கயிற்றை என் கழுத்தில் கட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் பொன் தாலியைக் கழற்றி முருகன் படத்தடியில் வைத்தார். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இல்லை, கயிறு படத்தில் விழாது, போய் வா என்று அனுப்பினார்.

உனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நீ கேட்டிருக்க மாட்டாய். உன் புருஷன் கப்பல் ஏறிய அன்று துறைமுகத்தில் நின்று தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவர் முகத்தை மறுபடி பார்க்கும்வரை இது என் கழுத்தைவிட்டு இறங்காது என்று முருகனிடம் சொல்லியிருந்தாய். புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது பெண்டாட்டி தாலியைக் கழற்றினால் அவருக்கு என்ன வேண்டுமானாலும் ஆகலாம் என்பது உன் நம்பிக்கை. நம் பெண்களில் பாதிப் பேருக்கு அந்த நம்பிக்கை இருந்தது. அதனால் துணி மாற்றும் மறைவுக்குள் போனதும் சங்கிலியைத் திருப்பித் தாலியை முதுகுப் பக்கம் தள்ளி, தோள்பட்டைக்குப் பக்கத்தில் துணியின் உள்பக்கமாக ஊக்குக் குத்திக்கொண்டாய். அந்தப் பருத்த அம்மாள் உன் முன்பக்கத்தை மட்டும்தான் பார்த்தாள். வெளியே வந்ததும் என் காதில் அதைச் சொல்லிச் சிரித்தாயே, பரீட்சையில் பார்த்து எழுதி மாட்டிக்கொள்ளாதவள் மாதிரி.

ஆனால் எக்ஸ்ரேக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது. அடுத்த தடவை போனபோது டாக்டர் என் படத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, உன் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். மூக்குக் கண்ணாடி தடித்த மனுஷர், சிரித்த முகம். வலது பக்கம் மேலே, விலா எலும்புகளின் மேல் உன் தாலி வெள்ளையாக விழுந்திருந்தது. ஓரம் கொஞ்சம் மங்கல், ஆனால் தாலிதான், சந்தேகமே இல்லை. "மதாம், வீட்டுக்காரரையும் படத்துக்குள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்களே" என்றார். நான் வெட்கத்தில் செத்தேன். நீயோ கிட்டே போய், வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாய்.

"கெதே, மா செர்," என்று என்னை இழுத்துக் காட்டினாய். "பாரு, எலும்புக்குள்ளயும் அவர் இருக்கார்."

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அன்று நீ பட்ட சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூடப் பட்டிருப்பாயா என்பது எனக்குச் சந்தேகம். டாக்டரும் சிரித்தார். சிரித்துவிட்டு, தாலி விழுந்த இடத்தில் நுரையீரல் தெரியவில்லை, அந்த இடத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது, இன்னொரு படம் எடுக்க வேண்டும், இந்தத் தடவை வீட்டுக்காரரை வெளியே விட்டுவிட்டு வாருங்கள் என்றார்.

நீ மாட்டேன் என்றாய். நானும் உன் மாமியும் சேர்ந்து உன்னைக் கரைத்தோம். என் மாமி செய்ததைப் போலவே உன் மாமியும் மஞ்சள் கயிறு கட்டி, கற்பூரம் காட்டி, பொன்னைக் கழற்றிச் சாமி முன்னால் வைத்தார். அரைமனதோடு போனாய். இரண்டாவது படம் எடுத்தார்கள். தாலி இருந்த அதே இடத்தில் நோயின் கறை இருந்தது.

அந்தப் படத்தை மாட்டிக் காட்டிய அன்று டாக்டர் சிரிக்கவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். இது இன்று நேற்று வந்ததல்ல, போன தடவையும் இருந்திருக்கிறது, தாலியின் நிழல் மேலே விழுந்ததால் எனக்குத் தெரியவில்லை, இப்போது நல்ல மருந்து இருக்கிறது, குணமாகிவிடும், அதற்குப் பிறகு போகலாம் என்றார். நான் எல்லாவற்றையும் கேட்டேன். உன் காதில் எதுவும் ஏறவில்லை. பஸ் நிலையத்தில் உன் ஊர் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன், நீ குடிக்கவில்லை.

"கழட்டினேன், வந்துடுச்சு," என்றாய்.

"முன்னாடியே இருந்துச்சு. தாலி அதை மறைச்சிருந்துச்சு. அதைத்தானே டாக்டர் சொன்னார்?"

"தாலி இருந்தவரைக்கும் இல்ல."

"இருந்துச்சு, கண்ணுக்குத் தெரியல."

"நீயும்தான் கழட்டின. உனக்கு ஏன் வரல?"

"எனக்கு நோய் இல்ல, அதனால வரல."

"அதான் கேக்கிறேன். எனக்கு மட்டும் ஏன் இருக்கு?"

டாக்டரைக் கேட்டிருந்தால் அவரும் முழித்திருப்பார். உன் பஸ் வந்தது. ஏறும்போது தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாய். படம் எடுத்த அன்றே வீட்டுக்குப் போன கையோடு அதைத் திரும்பக் கட்டியிருந்தாய். "கி பூ ஃபேர்," என்றாய். என்ன செய்வது என்று கேட்கிற மாதிரி இல்லை. தீர்மானித்துவிட்டவள் சொல்கிற மாதிரி இருந்தது.

நான் கப்பல் ஏறிய அன்று நீ துறைமுகத்துக்கு வந்தாய். மருந்து தொடங்கியிருந்த நேரம். என் வீட்டார் கூட்டத்தில் கலக்காமல் தூரத்தில், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாய். கிட்டே வா என்று கையாட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தாய். உன் புருஷனுக்கு நீ போட்ட அச்சாறு ஜாடி மட்டும் கைமாறி என்னிடம் வந்தது. அவரிடம் நான் போய்ச் சேர்ந்தேன், உன் ஊறுகாய் போய்ச் சேர்ந்தது, நீ சேரவில்லை.

வைத்தியத்தில் உன்னை யாரும் குறை சொல்ல முடியாது. மருந்தக வாசலில் தினம் போய் நின்று ஊசி போட்டுக்கொண்டாய். பின்பக்கம் சல்லடையாகிவிட்டது, இனி மாவு சலிக்கலாம் என்று பிரெஞ்சில் எழுதினாய், அதை நான் என் வீட்டுக்காரருக்கும் உன் வீட்டுக்காரருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டித் திண்டாடினேன். தொண்டையில் இறங்காத மாத்திரைகளை ஒரு வருஷத்துக்கும் மேலாக விழுங்கினாய். உன் தட்டு, உன் கோப்பை, உன் பாய் எல்லாவற்றையும் உன் மாமி பிரித்துவைத்தார். அதற்காக அவரை நான் திட்டமாட்டேன். பிரித்துவைத்த அதே கைதான் தினமும் உனக்கு ஈரல் சூப் வைத்துக் கொடுத்தது. மெல்ல இருமல் நின்றது. உடம்பு தேறியது. சளியில் கிருமி இல்லை என்றார்கள். கடைசியாக ஒரே ஒரு படம் எடுத்தால் போதும், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார் டாக்டர்.

எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் தாலி கழுத்தில்தான் இருக்கும் என்றாய்.

அது எந்த இடத்தை மறைத்ததோ அந்த இடத்தைத்தான் நான் பார்க்க வேண்டும் என்றார் அவர். நீ அசையவில்லை. அவரும் அசையவில்லை. ஒரு தடவை உன் பேச்சைக் கேட்டுக் கழற்றினேன், கறை வந்தது, இன்னொரு தடவை கழற்றினால் இப்போது ஆறியிருப்பது திரும்பி வரும், எனக்கு வராவிட்டால் அவருக்கு வரும் என்று எனக்கு எழுதினாய். உன் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். சாதத்தில் பருப்பை ஊற்றிக்கொண்டு, பிசையாமல், உன் கடிதத்தை நான் படித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பார். "கொஞ்சம் புத்தி சொல்லி எழுதுங்க" என்பார். நானும் எழுதினேன். என் வீட்டுக்காரர் எழுதினார். அங்கே டாக்டர் சொன்னார், உன் அப்பா சொன்னார், கோவில் ஐயரைக்கூட அழைத்துவந்து சொல்ல வைத்தார்கள். எல்லோரும் உன் மனசை மாற்றத்தான் பார்த்தோம். சங்கிலியை நகர்த்தலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நீளமான கயிற்றில் கோத்து வயிற்றுக்குக் கீழே தொங்க விட்டிருக்கலாம். தூக்கி வாயில் கவ்வச் சொல்லியிருக்கலாம். உன் நம்பிக்கை தப்பு என்று காட்டுவதில் எங்களுக்கு அவ்வளவு மும்முரம்.

அதுதான் இன்று காலை என்னை உலுக்கியது. அந்தச் சின்னப் பெண் என் நம்பிக்கை என்ன என்றே கேட்கவில்லையே.

சுதந்திரக் கொடி ஏறிய அந்த மார்ச்சில் உன் வீட்டுக்காரர் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தார். ஊரே பாட்டும் விளக்குமாக இருந்ததாம். புது நாட்டில் நர்ஸ் வேலை கிடைக்குமா என்று அலைந்து பார்த்தார். பொறுங்கள், பார்க்கலாம் என்றார்களே தவிர யாரும் வா என்று சொல்லவில்லை. இரண்டு தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பிப் போக வேண்டியிருந்தது. போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உன்னை உட்கார வைத்துப் பேசினார். நான்தான் வந்துவிட்டேனே, என் முகத்தைப் பார்த்துவிட்டாயே, உன் நேர்த்திக்கடன் முடிந்ததே, கழற்றி ஒரு படம் எடுத்துக்கொள், ஒரு நிமிஷ வேலை என்றார்.

நீ எழுந்து, அவருக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னலைத் தூக்கி ஒதுக்கிக்கொண்டாய்.

"நீங்க கட்டினது. நீங்களே கழட்டுங்க."

இதை நீயும் சொல்லியிருக்கிறாய், அவரும் எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். இது வரைக்கும் இரண்டும் ஒன்றுதான். இதற்குப் பிறகு மாறும். கையை உன் பிடரி வரைக்கும் கொண்டுபோனேன், அதற்கு மேல் விரல் வளையவில்லை என்றார் அவர். அவர் நாற்காலியை விட்டே எழுந்திருக்கவில்லை என்றாய் நீ. எது உண்மை என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ முரட்டு நோயாளிகளைக் கட்டிப்பிடித்து அடக்கிய கை அது. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று என் மேஜை முன்னால் உட்கார்ந்து பேசிய வாய் அது. "எனக்கும் பயமா இருந்துச்சு" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வெட்கம்.

அவர் தனியாகத் திரும்பினார். கடிதங்கள் வந்தன, போயின. இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு பரீட்சை, தம்பி கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போயிற்று. குழந்தை இல்லாத வீட்டில் பேச்சு எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று உன் கடிதத்தின் நீளத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பிறகு ஒரு பனிக்காலக் காலையில் வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றவர் அப்படியே விழுந்தார். இதயம். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னாலேயே முடிந்துவிட்டது.

அவருடைய சாம்பலை நான்தான் கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொள்ளும் முன்னால் என் கைப்பையைத்தான் பார்த்தாய். எதில் இருக்கிறது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை, நீயே கண்டுபிடித்தாய். கடலில் கரைத்தோம். கருமாதி அன்று உங்கள் பக்கத்துப் பெண்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் சுமங்கலி, பார்க்கக் கூடாது என்று என்னை வெளியே அனுப்பினார்கள். மாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே அழுகை கிளம்பும் என்று காத்திருந்தேன். உன் குரல் கேட்கவே இல்லை. நீ வெளியே வந்தபோது சங்கிலி இருந்த இடத்தில் வெளுத்த கோடு மட்டும் இருந்தது. டாக்டரால் முடியாததை, கட்டியவரால் முடியாததை, உன் அத்தைகள் நீ ஒரு பேச்சுப் பேசுவதற்குள் முடித்துவிட்டார்கள்.

சில நாள் கழித்து, கியூர்பிப்புக்குப் போகணும், கூட வா என்றாய். எதற்கு என்று சொல்லவில்லை. வெளியே கரும்பு ஆளுயரம் நின்றிருந்தது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாய். நான் பொறுக்க முடியாமல் கேட்டேன், அன்றைக்கு அவர் கழற்றியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று.

"படம் எடுத்திருப்பேன். சுத்தமாத்தான் வந்திருக்கும்."

"அப்புறம்? புறப்பட்டு வந்திருப்பியா?"

"வந்திருக்க மாட்டேன்."

"ஏன்?"

"தாலியைக் கழட்ட மனசு வர்றவரைத் தேடிக்கிட்டு அவ்வளவு தூரம் எதுக்கு வரணும்?"

உன் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது எனக்கு. உன்னோடு பேசி ஜெயிக்கவே முடியாது. அவர் கழற்றினாலும் நீ போகமாட்டாய், கழற்றாவிட்டாலும் போகமாட்டாய் என்றால் அந்த மனுஷர் என்னதான் செய்திருக்க வேண்டும்? அவர் எங்கள் வீட்டில் பிசையாமல் வைத்திருந்த சோறெல்லாம் எதற்காக? இதைக் கேட்க வாயெடுத்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் கழுத்தைப் பார்த்தேன், கேட்கவில்லை.

நீ போனது அதே ஆஸ்பத்திரிக்கு. அந்தப் பழைய டாக்டர் இல்லை. இளைஞர் ஒருவர் இருந்தார். என்ன தொந்தரவு என்றார். தொந்தரவு ஒன்றுமில்லை, ஒரு படம் பாக்கி இருக்கிறது என்றாய். கழற்றுவதற்கு உன்னிடம் எதுவும் இல்லை, மறைவுக்குள் போனதும் உடனே வந்துவிட்டாய். மூச்சை இழுத்தாய், பிடித்தாய். டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். மேலே வலது பக்கம் ஒரு சின்ன ஆறிய வடு, எப்போதோ வந்து போன நோய், மற்றபடி அருமையான நெஞ்சு, நீங்கள் எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் போகலாம் மதாம் என்றார். உன்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார், பாவம். நீ நன்றி சொன்னாய். படத்தைக் கேட்டு வாங்கி உறையில் போட்டுக்கொண்டாய். வாசலுக்கு வந்ததும் அதை என் கையில் கொடுத்தாய்.

"நீ எடுத்துட்டுப் போ," என்றாய். "அவர் இருந்த வீட்டுல வெச்சிடு. படம் கேட்டாங்களே, அனுப்பலேன்னு இருக்க வேணாம்."

அப்போதுதான் நீ அழுதாய். தெருவென்றும் பார்க்கவில்லை. கியூர்பிப்பில் வழக்கம்போல் தூறல், ஆளாளுக்குக் குடையை விரித்துக்கொண்டு போனார்கள், யாரும் நம்மைக் கவனிக்கவில்லை. உன்னைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

இங்கிலாந்து திரும்பியதும் அவருடைய அறையைக் காலிசெய்யப் போனோம். கட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் கீழே சாவி கொடுக்கப் போயிருந்தார். நான் உறையிலிருந்து உன் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். உன் விலா எலும்புகளுக்கு நடுவே அவர் தினமும் பார்த்த தெரு தெரிந்தது, எதிர் வீட்டுப் புகைக்கூண்டு தெரிந்தது, அவர் விழுந்த பஸ் நிறுத்தம்கூட ஓரத்தில் தெரிந்தது. வடுவைத் தேடினேன். நகக்கண் அளவு வெள்ளை. அதன் மேல் தாலியின் நிழல் எதுவும் விழுந்திருக்கவில்லை. அவர் கூப்பிட்ட வீட்டுக்கு நீ வந்து சேர்ந்தது அப்படித்தான்.

அங்கேயே வைத்துவிட்டு வா என்று நீ சொல்லியிருந்தாய். உன் பேச்சை அந்த ஒரு தடவை நான் கேட்கவில்லை. சாமான் இல்லாத அந்த அறையில் உன்னைத் தனியாக விட்டுவர எனக்கு மனசு வரவில்லை. வீடு மாறினேன், ஊர் மாறினேன், கடைசியில் தீவுக்கே திரும்பி வந்தேன். இன்றைக்கும் நீ என் புடவைகளுக்கு நடுவில்தான் இருக்கிறாய்.